ஜன்னல் கைப்பிடி

மருத்துவமனைத் தையலறையில் அவளை எல்லாரும் ஜன்னலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பின்னால் யாரோ நிற்கிறார்கள்போல என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

தையலறை அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் சலவை அறை, மறுபக்கம் கொதிகலன். கூரையை ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டத்தின் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மூன்று நாளாக மழை விடவில்லை. கால்களும் குடை நுனிகளுமாக உலகம் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. சலவை அறையில் காயாத துணிகளின் ஈர வாடை இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைந்துபோகும். நோயாளி புரளும் இடம் அதுதானே. ஓரங்கள் வாங்கிய அன்று இருந்ததுபோலவே கெட்டியாக இருக்கும். ஜன்னலம்மா நைந்த விரிப்பை நீளவாக்கில் நடுவே இரண்டாக வெட்டுவாள். ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பாள். நைந்த பாகம் ஓரத்துக்குப் போய்விடும். இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும். ஒவ்வொரு விரிப்பையும் மடித்து வைக்கும்போது, "இதுல படுக்கப் போறவங்க எழுந்து நடந்து வீட்டுக்குப் போகணும் கடவுளே" என்று உதடு அசையாமல் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். ஒரு நாளைக்கு இருபது விரிப்பு என்றால் இருபது தடவை. அறுபத்தாறு வயதில் அவள் செய்யக்கூடிய பெரிய காரியம் அது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் அறுவை அறைச் சட்டைகளுக்கு நாடாவும் பட்டனும் தைப்பவள். பட்டன்காரி என்று பெயர். வாய் ஓயாதவள்.

"அக்கா, அஞ்சாவது வார்டுல இருந்து வந்ததைப் பாருங்க. பதினாறு சட்டை, ஒண்ணுலகூட நாடா இல்ல. அவிழ்த்தாங்களா, தின்னாங்களா?"

"பசிச்சிருக்கும். அங்க போடற சாப்பாட்டுக்கு நாடா எவ்வளவோ தேவலை."

"உங்ககிட்ட பேச்சுக் குடுத்தா இப்படித்தான். ஒரு வார்த்தை பேசினாலும் ஊசி மாதிரி."

அப்போதுதான் திரையரங்கு மேனேஜர் படியிறங்கி வந்தார். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பச்சைக் குழந்தைபோலக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குப் போனேன்மா. இங்க இருப்பீங்கன்னாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சி. படத்தைப் புதுசாத் துடைச்சு, கோடெல்லாம் எடுத்து, சத்தமெல்லாம் சரிபண்ணி அனுப்பியிருக்காங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க முதல் வரிசையில உக்காரணும். மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"எனக்குப் பேசத் தெரியாதே தம்பி."

"பேசவே வேணாம்மா. நின்னு ஒரு கையசைச்சா அரங்கமே எழுந்துடும்."

பட்டன்காரி நாடாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

அந்தப் படம் வந்து முப்பத்திரண்டு வருஷம். போர் விமானி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். எத்தனையோ படங்கள் வந்தன, போயின. அது மட்டும் போகவில்லை. விடுமுறை நாளென்றால் தொலைக்காட்சியில் அதைப் போட்டுவிடுவார்கள். இறக்கை கிழிந்த விமானத்தைக் காயம்பட்ட தோழனோடு விமானி தரையிறக்கும் இடத்தில் பெரியவர்களும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். ஆனாலும் எல்லார் நெஞ்சிலும் தங்கியது வேறொரு காட்சி. போர் முடிந்து வெகுநாள் கழித்து ஓர் அமைதியான காலை. சாதாரணப் பயிற்சிப் பறப்பு. விமானம் படைக் குடியிருப்பின் மேல் வருகிறது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து ஜன்னலை விரியத் திறக்கிறாள். கையை உயர்த்தி அசைக்கிறாள். மேலே விமானம் இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை இறக்கையைச் சாய்த்து விடைபெறுகிறது. கால்மணி நேரத்தில் என்ஜினில் பறவைக் கூட்டம் அடிக்கும். பள்ளிக்கூடத்தின் மேல் விழ வேண்டிய விமானத்தை அவர் வெற்று வயலுக்குத் திருப்புவார். அங்கேயே அவர் கதை முடியும்.

நடந்த கதைதான். விமானி இவளுடைய கணவர். ஜன்னலைத் திறந்தவளாகத் திரையில் வரும் நடிகை இறந்தே பத்து வருஷமாகிறது. ஜன்னலம்மா என்ற பெயர் இவளுக்கு மிஞ்சியது.

"இன்னொரு சந்தோஷ சமாசாரம்மா," என்றார் மேனேஜர். "சாரோட விமானத்துக்கு ஃபிட்டரா இருந்தவரைக் கண்டுபிடிச்சுட்டோம். எழுபது வயசு. நல்லா நடமாடறார். அவரையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கேன். அன்னைக்குக் காலையில நடந்ததை நேர்ல பார்த்த மனுஷன். அவர் வாயால கேக்கறது எவ்வளவு விசேஷம், சொல்லுங்க."

ஜன்னலம்மா கையில் இருந்த தலையணை உறையைத் தைக்கத் தொடங்கினாள். மேனேஜர் விடைபெற்றுப் படியேறிப் போன பிறகும் தலை நிமிரவில்லை.

சிறிது நேரம் கழித்துப் பட்டன்காரி அந்த உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நாலு பக்கமும் தெச்சு வெச்சிருக்கீங்க. தலையணையை எப்படி உள்ள விடறது, புகையாக்கியா?"

ஜன்னலம்மா சிரிக்க முயன்றாள். பிறகு ஊசியால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இருபத்தெட்டு வருஷ வேலையில் உறையின் வாயை அவள் தைத்து மூடியது அதுதான் முதல் தடவை.

*

அவள் வீடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் மகன் தொலைபேசியில் அழைத்தான். வாரத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம். தூரத்து நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. நாற்பத்திரண்டு வயது. அம்மாவைப் பார்க்க வந்து மூன்று வருஷமாகிவிட்டது.

"அம்மா, மேனேஜர் எனக்கும் போன் பண்ணார். லீவு போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலை ரயில்ல வரேன்."

"நீயா?"

"ஏன், வரக்கூடாதா? பெரிய திரையில அதைப் பாத்ததே இல்லம்மா. சின்ன வயசுல பாத்தது ஞாபகமே இல்ல. உன்னையும் அப்பாவையும் அவ்வளவு பெரிசாப் பாக்கணும்."

உன்னையும் அப்பாவையும். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். அவன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்த நடிகை ஜன்னலில் கையசைக்கும் படம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை போனபோது அவள் அதைப் பார்த்தாள். தன் அம்மாவின் போட்டோ வீட்டில் ஒன்றுகூட இல்லையே என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

"சாப்பிட்டியாம்மா?"

"கிழங்கு வேகுது."

"சரி. வெச்சுடவா?"

"வை."

கிழங்கை எடுத்து உரித்தாள். ஒருத்திக்கு எத்தனை கிழங்கு வேண்டும் என்பது இத்தனை வருஷமாகியும் அவள் கைக்குப் பழகவில்லை. எப்போதும் ஒன்று மிஞ்சும்.

நாற்பது வருஷத்துக்கு முன் அந்தக் காலையில் நடந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

குடியிருப்பின் சமையலறை ஜன்னலில் ஒரு பித்தளைக் கைப்பிடி. அதைத் திருப்பினால்தான் ஜன்னல் திறக்கும். உள்ளே இருந்த ஆணி தேய்ந்துபோய் அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக ஜன்னல் திறக்கவில்லை. அடுப்புப் புகை, குழந்தைக்கு இருமல். அவள் தினமும் சொன்னாள். அவர் தினமும் ஆகட்டும் என்றார். அன்று காலை அவள் வாய் தவறிவிட்டது.

"வானத்துல என்னென்னவோ ஓட்டறீங்க. வீட்ல ஒரு ஜன்னலைத் திறக்கத் துப்பில்ல. எதுக்கு வீட்டுக்கு வரீங்க? மேலயே இருந்துடுங்க. கீழ வர வேணாம்."

அவர் சமையலறைக்குப் போய் ஏதோ குடைந்தார். பிறகு கதவு சாத்தும் சத்தம். அவள் போய்ப் பார்த்தபோது ஜன்னலில் கைப்பிடி இல்லை, ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. தன்மேல் இருந்த கோபத்தில் பிடுங்கி எறிந்துவிட்டார் என்று நினைத்தாள். இருந்த கோபத்தோடு அதுவும் சேர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து விமானம் தலைக்கு மேலே வந்தது. அதன் சத்தம் அவளுக்குத் தெரியும். குடியிருப்புக்கு மேல் வந்தால் அவர் இரண்டு பக்கமும் இறக்கையைச் சாய்ப்பார். அவள் முற்றத்துக்கு ஓடிப் பார்ப்பது வழக்கம். அன்று போகவில்லை. பாத்திரத் தொட்டியில் இரண்டு கையும் முழங்கை வரை நனைய நின்றாள். சத்தம் தேய்ந்து மறைந்தது.

எட்டு வருஷம் கழித்துப் படத்துக்குக் கதை எழுதுகிறவர் வந்தார். நல்ல மனிதர். இதே சாப்பாட்டு மேஜையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, "கடைசியா அவரைப் பாத்தீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். பத்து வயது மகன் நாற்காலிக் கைமேல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ஜன்னலைத் திறந்து கையசைச்சேன். அவர் இறக்கையைச் சாய்ச்சார்."

அந்த ஒரு வாக்கியம் நாட்டுக்கெல்லாம் தெரிந்த காட்சியாகிவிட்டது. பிறகு அதைத் திரும்பப் பிரிக்க எந்த ஊசியும் இல்லை. மற்றவர்களுக்காகத் தினம் இருபது தடவை வேண்டிக்கொள்கிறவள், இந்த ஒன்றைப் பற்றிக் கடவுளிடம் வாயைத் திறந்ததே கிடையாது. திறந்தால் அவர் என்ன சொல்வார் என்ற பயம்.

*

சனிக்கிழமை பிற்பகல் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. நெடுநெடுவென்று ஒரு கிழவர், கையில் நசுங்கிய ஒரு தகர டப்பா. மிதியடியில் காலணியை நெடுநேரம் தேய்த்தார்.

"அம்மா, நான் ஃபிட்டர்."

அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று பார்த்தபோது அவர் முப்பது வயதுக்காரர், எப்போதும் எண்ணெய்க் கறையோடு இருப்பார். ஆனால் சட்டைப் பையில் இன்றும் ஒரு சின்னத் திருப்புளி செருகியிருந்தது.

"உள்ள வாங்க. உக்காருங்க. டீ போடறேன்."

அவர் உட்காரவில்லை. அவள் பின்னாலேயே சமையலறை வாசல் வரை வந்து நின்றார். அடுப்புக்கு மேலிருந்த ஜன்னலைப் பார்த்தார். கையை நீட்டிக் கைப்பிடியைத் திருப்பித் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

"இது நல்லாத் திறக்குது," என்றார்.

அவள் கையிலிருந்த டீத்தூள் டப்பா ஒரு பக்கம் சரிந்தது. இந்த மனிதருக்குத் தெரியும் என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

டீயும் ரொட்டியும் அவித்த முட்டையும் மேஜைக்கு வந்தன. அவர் முட்டையை உரித்து ஓட்டுத் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். கரண்டிகளை நேராக்கி வைத்தார்.

"பழக்கம் போகலம்மா. எடுத்தது எத்தனை, திருப்பி வெச்சது எத்தனைன்னு பாத்துக்கிட்டே இருந்த கை. ஒரு திருப்புளி குறைஞ்சாலும் விமானம் கிளம்பாது. உள்ள எங்கயாவது விழுந்து கிடந்து, மேல போய்க் கவுந்தா என்ன ஆறது? என் சம்சாரம் திட்டுவா. விருந்துக்கு வந்தவங்க கரண்டியைத் திருடறாங்களான்னு எண்ணறீங்களா, மானம் போகுதும்பா."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போய் ஆறு வருஷமாச்சு. இப்ப எண்ண ஒரு கரண்டிதான்."

அவள் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். மிஞ்சிய ஒரு கிழங்கின் நினைவு வந்தது. எழுந்து போய் அதையும் எடுத்துவந்து உப்புத் தூவி வைத்தாள். அவர் மறுக்காமல் சாப்பிட்டார்.

"ஃபிட்டர், நாளைக்கு மேடையில கேப்பாங்க. என்ன சொல்லப் போறீங்க?"

"அதைக் கேக்கத்தாம்மா முன்கூட்டி வந்தேன். நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காததைச் சொல்லவும் மாட்டேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் தகர டப்பாவைத் திறந்தார். அந்தக் காலத்தில் அவர் சாப்பாடு கொண்டுவரும் டப்பா. உள்ளே எண்ணெய்க் காகிதம். அதற்குள் மஞ்சளாகப் பளபளத்தபடி ஒரு பித்தளைக் கைப்பிடி.

அவள் அதைத் தொடவில்லை.

"விமானத்துல ஏறும்போது சட்டைப்பையில ஒண்ணும் இருக்கக்கூடாது. சாவி, பேனா, சில்லறை எல்லாத்தையும் எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் சார் ஏறுவார். அன்னைக்கு இதையும் குடுத்தார். 'ஃபிட்டரே, இதுல ஆணி தேஞ்சிருக்கு. நான் இறங்கறதுக்குள்ள வேற ஆணி ராவி வை. இல்லன்னா எனக்கு வீட்ல இடமில்ல' அப்படின்னார்."

"சிரிச்சுக்கிட்டா சொன்னார்?"

ஃபிட்டர் யோசித்தார். "இல்லம்மா. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் சொன்னார். சார் கோவமா இருந்தா காது மடல் சிவந்துடும். அன்னைக்கு ரெண்டும் சிவந்திருந்தது."

ஜன்னலம்மாவுக்கு அந்தக் காது மடல்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை அவள் மறந்தே போயிருந்தாள். படத்தில் நடித்தவருக்குக் காதுகள் சிவக்கவே இல்லை.

"நான் உக்காந்து அரம் போட்டு ராவிக்கிட்டிருந்தேன். முடிச்சுட்டேன். சரியா வந்துடுச்சான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறேன், ஆபத்துச் சங்கு ஊதிடுச்சு." அவர் கைப்பிடியை எண்ணெய்க் காகிதத்தின் நடுவில் நேராக்கி வைத்தார். "சாவி, பேனா எல்லாம் ஆபீசுல எழுதி வாங்கிக்கிட்டுப் போனாங்க. இது சாப்பாட்டு டப்பாவுல இருந்ததால விட்டுப்போச்சு. நாலாம் நாள் எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்னாங்க. அப்புறம் எனக்கு மாத்தலாச்சு. எப்படியும் விலாசம் கண்டுபிடிச்சு அனுப்பணும்னு இருந்தேன். அதுக்குள்ள படம் வந்துடுச்சு."

"பாத்தீங்களா?"

"முதல் நாளே. படத்துல நீங்க ஜன்னலைத் திறக்கறீங்க. அரங்கமே அழுவுது. எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டுது. கைப்பிடி என் டப்பாவுல கிடக்கு. அந்த ஜன்னல் திறந்திருக்கவே முடியாதுன்னு இந்த உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். இதை உங்களுக்கு அனுப்பினா என்ன அர்த்தம்? நீங்க சொன்னது பொய்னு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும். சரி, அந்த அம்மா மனசுக்கு அது ஆறுதலா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு வெச்சுட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைப்பேன்."

"முப்பத்திரண்டு வருஷமா?"

"முப்பத்திரண்டு தடவை. அதுக்கு முன்னாடி எட்டு."

மழை மறுபடியும் தொடங்கிற்று. அவள் எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலை மூடிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஆறுதலா இல்ல, ஃபிட்டர். மேலயே இருந்துடுங்க, கீழ வர வேணாம்னு சொல்லி அனுப்பினவ நான். வாசல்வரைக்கும்கூட போகல. சத்தம் கேட்டும் வெளிய வந்து பாக்கல. பையன் முகத்தைப் பாத்து அப்படிச் சொல்லிட்டேன். அவன் அதையே சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கான்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை ஒரு மனிதக் காதில் போட்டது இதுதான் முதல் தடவை. போட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஃபிட்டர் அவள் அழட்டும் என்று காத்திருந்தார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. பழைய டீயைக் கொட்டிவிட்டுத் தானே அடுப்பைப் பற்றவைத்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சர்க்கரை கூடிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்தாள்.

"உங்களை ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"சாய்ச்சாரா?"

ஃபிட்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, திருப்புளி எண்ணுகிறவர்போல நிதானமாக, அந்தக் காலையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"எப்பவும் ரெண்டு பக்கமும் சாய்ப்பார். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஓடுபாதையில இருந்து பாத்தா நல்லாத் தெரியும். அன்னைக்கு ஒரு பக்கம்தான் சாய்ச்சார்."

"ஒரு பக்கமா?"

"ஒரே பக்கம். இடது பக்கம். நிமிர்ந்து நேராப் போயிட்டார். என்னடா இது, பாதியில விட்டுட்டார்னு நானே நெனச்சேன். படத்துல ரெண்டு பக்கமும் சாய்க்கறாங்க. அது தப்பு."

ஜன்னலம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். பாவம், கிழவர் நம்மைத் தேற்றுகிறார் என்று எண்ணி நன்றி சொல்லி அனுப்பியிருப்பாள். ஒரு பக்கம். அவர் அப்படித்தான். சண்டை போட்டுவிட்டுப் படுத்தாலும் போர்வையில் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குகிற மனிதர்.

"கோவம்," என்றாள். கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. "கோவத்துலதான் பாதியை நிறுத்திட்டார்."

"இருக்கும்மா. மீதியை இறங்கி வந்து பாத்துக்கலாம்னு இருந்திருப்பார்."

"நான் வெளிய நிக்கலைன்னு மேல இருந்து தெரிஞ்சிருக்குமோ?"

"அவ்வளவு உயரத்துல வீடெல்லாம் தீப்பெட்டிம்மா. நீங்க நிக்கறது தெரியாது, நிக்காததும் தெரியாது. அவர் உங்களைப் பாக்கறதுக்காகச் சாய்க்கல. நீங்க பாப்பீங்கன்னு சாய்ச்சார்."

ஒரு நல்ல வார்த்தையைச் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடவுளுக்குச் சில சமயம் நாற்பது வருஷம் பிடிக்கிறது. அவசரப்படாத ஒரு ஆளையும் ஒரு சாப்பாட்டு டப்பாவையும் கொண்டு அவர் அதைச் செய்துவிடுகிறார்.

கிளம்பும்போது ஃபிட்டர் கரண்டிகளை எண்ணி வைத்தார். கைப்பிடி மேஜைமேலேயே இருந்தது.

"டப்பா லேசாயிடுச்சு," என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். முன்நெற்றி ஏறிப்போயிருந்தது. அவன் ரொட்டி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் மூன்று தடவை வாயெடுத்தாள். மூன்று தடவையும் அவன் படத்தைப் பற்றியே பேசினான். கைப்பிடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பட்டன்காரி மூன்றாம் வரிசையிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்க அக்கா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் தொடங்குமுன் மேனேஜர் ஃபிட்டரை மேடைக்கு அழைத்தார். ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

"ஐயா, அந்த ஜன்னல் காட்சி. அன்னைக்கு நீங்க கண்ணால பாத்தது. எங்களுக்குச் சொல்லுங்க."

ஜன்னலம்மா கைப்பையை இறுகப் பிடித்தாள்.

"நான் நின்னது ஓடுபாதையிலதானே?" என்றார் ஃபிட்டர். "அங்க இருந்து குடியிருப்பு ஜன்னல் எப்படித் தெரியும்? எனக்கு என்ஜின்தான் தெரியும். என்ஜின் நல்லா இருந்தது. சாரும் நல்ல மனுஷன்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவர் இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஜன்னலம்மாவை மேடைக்குக் கூப்பிட்டபோது அவள் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று கைகூப்பினாள். கையசைக்கவில்லை.

விளக்குகள் அணைந்தன. போர் வந்தது, இறக்கை கிழிந்தது, தோழன் பிழைத்தான். பிறகு அந்த அமைதியான காலை. புதிதாகத் துடைத்த படத்தில் நடிகையின் முழங்கையில் சோப்பு நுரைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் ஓடிவந்தாள். ஜன்னல் விரிந்தது. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. அரங்கம் முழுக்கக் கைதட்டல். மகனும் தட்டினான், கன்னத்தில் கண்ணீர் வழிய.

அவள் அவன் கைகள் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஜன்னல் கைப்பிடி."

"எந்த ஜன்னல்?"

அவள் திரையைப் பார்த்துத் தலையசைத்தாள். "அது அன்னைக்குத் திறக்கலடா. இதை உங்கப்பா ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிட்டார். நாங்க சண்டை போட்டிருந்தோம். நான் கையசைக்கல. வெளிய வந்து பாக்கவும் இல்ல. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் திரை வெளிச்சத்தில் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழுதுபார்க்கிறவனின் விரல். புது ஆணியின் முனையைத் தடவிப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள்.

"அப்பா சாய்ச்சாரா?" என்று கேட்டான்.

"ஒரு பக்கம்தான்."

"ஏன்?"

"கோவம்."

"அப்பாவுக்குக் கோவம் வருமா? படத்துல ஒரு இடத்துலகூட வரலையே."

"வீட்ல வரும். காது சிவந்துடும். உனக்கு வர மாதிரியே."

அவன் தன்னையறியாமல் கையைக் காதுக்குக் கொண்டுபோனான். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "உஸ்," என்றார். அவன் நாற்காலியில் சரிந்து, பத்து வயதில் கதை கேட்டதுபோல அம்மாவின் தோளருகே தலையைக் கொண்டுவந்தான்.

"இன்னும் சொல்லு," என்றான் மெல்ல.

திரையில் விமானம் வயலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை.